வேப்பிலைக் கணக்கு

எல்லாம் உள்ள போயிட்டு என்றுதான் சொன்னாள். ஆட்சியர் அலுவலகப் படிக்கட்டில், தோளில் தடுப்பூசிப் பெட்டி தொங்க, மூச்சு வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் சொன்னாள். "வாசல்ல வேப்பிலையே காணோம் மேடம். எல்லாம் உள்ள போயிட்டு." நானும் அப்படியா, சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு மேலே வந்துவிட்டேன். பதினொன்றரைக்குக் கூட்டம், பத்தே முக்காலுக்கே வந்தாயிற்று. ஆட்சியர் அறைக்கு வெளியே கிடக்கும் இந்த நீல நாற்காலியில் உட்கார்ந்து, மடிக்கணினிப் பையை மடியில் வைத்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து முகத்தைத் துடைத்த பிறகுதான் அந்த வார்த்தை வந்து தைத்தது. ஜெபக்கனி வம்பு பேசுகிறவள் இல்லை. உப்பளக் காலனிக்குக் கிராம சுகாதாரச் செவிலியர், பத்தொன்பது வருஷமாக அந்தப் பதினோரு தெருவையும் காலால் அளந்தவள். பதிவேட்டைக் கீழ்த்தளத்தில் ஒப்படைக்க வந்திருக்கிறாள். கூட்டத்துக்கு அவளை யாரும் அழைக்கவில்லை. அழைக்கப்பட்டவள் நான், சென்னையிலிருந்து ரயிலேறி வந்த முனைவர் தாட்சாயணி, தொற்றுநோய் எப்படிப் பரவும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறவள். என் பையில் ஒரே ஒரு தாள் இருக்கிறது. அதில் ஒரு வளைவு, ஏறி, உச்சி தொட்டு, அழகாக இறங்குகிற வளைவு. காலனியில் தட்டம்மை அடங்கிவிட்டது என்கிறது அது. ஆட்சியர் அதைப் பார்த்துச் சரி என்றால், பள்ளிக்கூடத்தில் ஐந்து வாரமாக நடக்கிற மருத்துவ முகாமை மதியமே கட்டி எடுத்துவிடுவார்கள். இருபது கட்டில், மூன்று டாக்டர்கள், ஆக்சிஜன், ஆம்புலன்ஸ், எல்லாம் மேற்கே டெங்கு வந்திருக்கிற தாலுகாவுக்குப் போய்விடும். போகவேண்டியதுதானே, இங்கே நோய் முடிந்துவிட்டதென்றால். முடிந்துவிட்டதென்றால். படிக்கட்டில் அவள் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை, நான் அப்போது செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேப்பிலையை எண்ணலாம் என்பது என் யோசனைதான், அதில் எனக்கு அப்படியொரு பெருமை. அம்மை கண்ட பிள்ளையை இங்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவதில்லை. வீட்டுக்கு அம்மா வந்திருக்கிறாள், ஊசியைக் காட்டி அவளை விரட்டலாமா. அடுப்பில் தாளிக்கமாட்டார்கள், வெளியாளை வாசப்படி தாண்ட விடமாட்டார்கள், அம்மை இறங்கித் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை பிள்ளை வேப்பிலைப் படுக்கையில் கிடக்கும். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவேட்டில் காலனியில் நோயே இல்லை. தினமும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். முதல் குழந்தை இறந்த பிறகுதான் எங்கள் நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள். நான் வந்து இரண்டு தெரு நடந்தேன். வாசல் நிலைகளில் கொத்துக் கொத்தாக வேப்பிலை தொங்கியது. இவ்வளவு நேர்மையான பதிவேடு கண்ணெதிரே தொங்கும்போது எதற்கு ஆஸ்பத்திரிப் புத்தகம், வாசல்களை எண்ணுங்கள் என்றேன். காலையில் களப்பணியாளர் சைக்கிளில் ஒரு சுற்று, புதிதாகக் கட்டிய கொத்து எத்தனை என்று ஒரு எண், அவ்வளவுதான். அந்த எண்ணை என் நான்கு பெட்டிகளுக்குள் ஊற்றினேன். இனிமேல் நோய் வரக்கூடியவர்கள், உடம்புக்குள் நோய் வளர்கிறவர்கள், அடுத்தவருக்குத் தருகிறவர்கள், நீங்கியவர்கள். ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு மக்கள் என்ன வேகத்தில் போகிறார்கள் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. குணமானவரும் நீங்கியவர், செத்தவரும் நீங்கியவர், சமன்பாட்டுக்கு இருவரும் ஒன்றுதான், இனி இவர்களால் பரவாது, அது போதும் அதற்கு. வகுப்பில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வேன், மாணவர்களும் சிரிப்பார்கள். பத்தொன்பதாம் நாள் இருபத்து மூன்று புதிய கொத்து. அதுதான் உச்சி. பிறகு இருபது, பதினாறு, பதினொன்று, ஏழு. நேற்று இரண்டு. ஒரு பிள்ளை எத்தனை பிள்ளைக்குத் தருகிறது என்கிற எண், தட்டம்மையில் பன்னிரண்டுக்கு மேலேகூடப் போகும், காலனியில் முக்கால்வாசிப் பேருக்குத் தடுப்பூசி போட்டிருப்பதால் மூன்றில் தொடங்கியது, இப்போது புள்ளி ஏழு. ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டால் நோய் தானாக அணையும். என் வளைவு அந்தப் புள்ளிகளின்மேல் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி உட்கார்ந்தது. அப்படி உட்கார்ந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இரு, பதறாதே தாட்சாயணி. ஒரு செவிலியர் ஒரு வாக்கியம் சொன்னாள், அவ்வளவுதானே. எத்தனை வீட்டில் உள்ளே போயிற்று, அவள் எண்ணினாளா, நாலு வீட்டைப் பார்த்துவிட்டு நாற்பது என்று பேசுவது மனித சுபாவம். கீழே இறங்கிப்போய் அவளையே கேட்டுவிடலாம். எழுந்தேன். சிவப்பு டவாலி போட்ட உதவியாளர் கையைக் காட்டி, "எங்கயும் போயிராதீங்கம்மா, எந்நேரமும் கூப்பிட்டுருவாரு" என்றார். உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு சுலபமாக உட்கார்ந்துவிட்டேன் பாருங்கள், அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. எதிர்ச்சுவரில் இந்த மாவட்டத்தை ஆண்ட ஆட்சியர்கள் பெயர் எழுதிய மரப்பலகை. வந்த தேதி, போன தேதி. ஃபினாயில் வாசனை. மூடிய கதவுக்குப் பின்னால் குளிர்சாதனத்தின் உறுமல். உள்ளே ஏன் கட்டவேண்டும், வாசலில் கட்டுவதுதானே வழக்கம், வெளியாள் வராமலிருக்கத்தானே அந்த அடையாளமே. அதை மறைத்தால் அதற்கு அர்த்தமே இல்லையே. யாரிடமிருந்து மறைத்தார்கள். என்னிடமிருந்து. இந்தப் பதில் எனக்கு முதலிலேயே தெரியும், சுற்றிச் சுற்றி வந்து இப்போதுதான் அதன்மேல் கால் வைக்கிறேன். பதினாறாம் நாள் நான் ஒரு வரைபடம் செய்தேன். பதினோரு தெரு, ஆயிரம் வீடு, வேப்பிலை கட்டிய வீட்டுக்கெல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி. முகாம் டாக்டர்கள் எந்த வீட்டுக் கதவைத் தட்டவேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன், கட்டைவிரல் பதினேழு வந்தது. இரண்டு நாளில் அது உப்பளத்துக் கங்காணிகள் கைக்குப் போய்விட்டது. புள்ளி விழுந்த வீட்டிலிருந்து ஆணோ பெண்ணோ உப்புப் பாத்திக்கு வேலைக்கு வரவேண்டாம், மூன்று தண்ணீர் ஊற்றிவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். உப்பு விளைகிற மாசி மாதத்தில் பதினைந்து நாள் வேலையில்லை என்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இது எனக்குத் தெரியும். களப்பணி அறிக்கையில் ஒரு வரி வந்தது, பணியிடத்தில் அனுமதி மறுப்பு என்று. நான் என்ன செய்தேன் என்றால், நல்லதாயிற்று, ஆட்கள் கலப்பது குறையும் என்று அதையும் ஒரு எண்ணாக்கிச் சமன்பாட்டுக்குள் போட்டேன். வளைவு இன்னும் அழகாக இறங்கியது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டால் ஓடியாவது போகலாம், நான் பூதத்தையும் பிடித்து வேலைக்கு வைத்துக்கொண்டேன்.

சரி, உள்ளே போய் இதைச் சொல்வதில் என்ன கஷ்டம். சார், என் கணக்கில் ஓட்டை இருக்கலாம், முகாமை எடுக்காதீர்கள். இரண்டே வாக்கியம். மூன்று வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு வராந்தாவில், வேறொரு மாவட்டத்தில், டெங்கு நாலாயிரம் பேருக்கு வரும் என்று சொன்னேன். இரண்டாயிரம் முதல் ஆறாயிரம் வரை, இப்போது இருப்பது போலவே கொசுவை விட்டுவைத்தால், என்றும் சொன்னேன். அந்த நிபந்தனையை யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டு வார்டைக் காலிசெய்து வைத்தார்கள், கொசு மருந்து அடித்தார்கள், மழையும் பெய்யவில்லை. வந்தது இருநூற்றுப் பன்னிரண்டு பேர். "அம்மா ஜோசியம் பலிக்கலையே" என்று ஒரு அதிகாரி மைக்கிலேயே சொன்னார், அறை முழுக்கச் சிரிப்பு. வராமல் போனதும் நான் சொன்னதால்தானே என்று எப்படி விளக்குவது, நடக்காமல் போனதைப் புகைப்படம் எடுத்துக் காட்ட முடியுமா. அன்றிலிருந்து எனக்கு ஜோசியக்காரி என்று பெயர், எங்கள் நிறுவனத்துக் கேன்டீன் வரை. சூடு கண்ட பூனை நான். அதன்பிறகு எல்லை போடாமல் ஒரு எண்ணும் என் வாயிலிருந்து வந்ததில்லை, மாலை எத்தனை மணிக்கு வருவாய் என்று வீட்டில் கேட்டால்கூட ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் என்பேன். இந்த மாவட்டத்துச் சுகாதாரத் துணை இயக்குநர் டாக்டர் பூபதி ஒருவர்தான் என்னை நம்பினார். வேப்பிலையை எண்ணச் சொன்னபோது அவருடைய ஆட்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். நேற்று போனில், "உங்க கர்வ் மாதிரி நானும் அழகா எறங்கிரலாம்னு பாக்கேன்" என்றார். அவர் முகத்தைப் பார்த்து நான் எதைச் சொல்ல. கோழை என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அதை எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன், வலிக்கத்தான் செய்கிறது, ஆனாலும் எழுந்திருக்க வைக்கவில்லை.

முத்தரசி. அந்தப் பெயர் இப்போது ஏன் வரவேண்டும். முதல் தடவை முகாமுக்குப் போனபோது எட்டாவது கட்டிலில் கிடந்தாள், நாலு வயது, மூச்சு முட்டிய பிறகு வேறு வழியில்லாமல் அவள் அம்மாவே தூக்கி வந்திருந்தாள். டாக்டர் வேறொரு பிள்ளையிடம் இருந்தார், மேடம் இதுக்கு மூச்சு எண்ணுங்க என்று என் கையில் வாட்ச்சைத் தந்துவிட்டார்கள், என்னையும் டாக்டர் என்று நினைத்து. நான் கணக்கு டாக்டர் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தச் சின்ன வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டேன். எண்ணினேன். நிமிஷத்துக்கு நாற்பது தாண்டினாலே நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று அர்த்தமாம். ஐம்பத்தெட்டு. மறுபடி எண்ணினேன், ஐம்பத்தொன்பது. விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே உள்ளே போனது. மூக்கின் இரண்டு பக்கமும் விரிந்து விரிந்து மூடியது. இருபத்திரண்டு வருஷமாக நோயைப் பற்றி எழுதிச் சம்பளம் வாங்குகிறேன், ஒரு நோயாளியின் மூச்சை அன்றுதான் எண்ணினேன். எண்ணும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பிறகு அடுத்தது வருமா என்று பயம் இருந்தது. என் கணினியில் எண்கள் அப்படி வருவதில்லை. ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், வைட்டமின் சொட்டு ஊற்றினார்கள், அவள் அம்மா என் காலடியில் தரையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு அழுதாள், சத்தம் போட்டு அழுதால் ஆத்தா கோபிப்பாள் என்று. நாலாம் நாள் முத்தரசி எழுந்து உட்கார்ந்து சேமியா ஐஸ் கேட்டாள். நான் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன், சந்தோஷத்தில் அழுதேன். அந்தக் கட்டில்தான் மதியம் லாரி ஏறப்போகிறது. உள்ளறையில், ஜன்னல் சாத்திய இருட்டில், இன்னொரு சின்ன வயிறு ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தால். எண்ண ஆளில்லாமல்.

இல்லை, அப்படி இருந்தால் சாவு கூடியிருக்குமே. கூடவில்லை. இந்த ஒரு கயிற்றைத்தான் இப்போது பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். ஆனால் குறையவும் இல்லை. உச்சிக்குப் பிறகும் இரண்டு குழந்தைகள் இறந்தன, இருபத்தொன்பதாம் நாள் ஒன்று, முப்பத்தொன்றாம் நாள் ஒன்று. அதற்கு என்னிடம் காரணம் தயாராக இருந்தது. சாவு நோயைவிடப் பத்து நாள் பின்தங்கி வரும், உச்சியில் நோய் கண்ட குழந்தைகள் பத்து நாள் கழித்து இறக்கும், பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, அறிக்கையின் அடிக்குறிப்பிலும் எழுதிவிட்டேன். எழுதினேனே தவிர பார்த்தேனா. மடிக்கணினியைத் திறந்தேன். கடவுச்சொல் இரண்டு தடவை தப்பாகப் போயிற்று. டவாலிக்காரர் திரும்பிப் பார்த்தார். இறப்புப் பதிவு: ஏழாம் தெரு, கதவு எண் நாற்பத்தொன்று, இரண்டு வயதுப் பெண், காய்ச்சல், மூச்சுத்திணறல். ஒன்பதாம் தெரு, கதவு எண் பன்னிரண்டு, ஒன்றரை வயது ஆண், அதேதான். பத்து நாளுக்கு முன்னால் இந்த வாசல்களில் வேப்பிலை தொங்கியிருக்கவேண்டும். வேப்பிலைப் பட்டியலைத் திறந்து ஏழாம் தெருவைத் தேடினேன். முப்பத்தெட்டு இருக்கிறது, நாற்பத்து நான்கு இருக்கிறது. நாற்பத்தொன்று இல்லை. ஒன்பதாம் தெருப் பன்னிரண்டும் இல்லை. முப்பத்தைந்து நாளில் ஒருநாளும் இல்லை. அந்த இரண்டு குழந்தைகளும் என் நான்கு பெட்டிகளில் எதிலும் இருந்ததே இல்லை, நேராகச் சுடுகாட்டுக்குப் போயிருக்கிறார்கள். வேறு காய்ச்சலாக இருக்கலாமே என்று மனசு சொல்கிறது. இப்போதும் சொல்கிறது, சனியன் பிடித்த மனசு, வக்கீல் மாதிரி எனக்காக வாதாடிக்கொண்டே இருக்கிறது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா.

மறைப்பார்களா என்று கேட்டுக்கொள்கிறேனே, நான் மறைக்கவில்லையா. என் மகள் சாருலதாவுக்கு ஒன்பது வயதில் சின்னம்மை போட்டது, அண்ணாநகர் அடுக்ககத்தில், ஐந்தாவது மாடியில். மார்ச் மாதம், இரண்டு நாளில் அவளுக்கு முழு ஆண்டுப் பரீட்சை. முதுகில் மூன்று கொப்புளம் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் அடுக்ககச் சங்கத்தில் ஒரு விதி, தொற்றுநோய் இருந்தால் தெரிவிக்கவேண்டும். தெரிவித்தால் லிஃப்டில் ஏறக்கூடாது, வேலைக்கு வருகிற செல்வி மற்ற வீடுகளுக்குப் போகமுடியாது, குழுவில் நம் கதவு எண்ணைப் போட்டுவிடுவார்கள். நான் என்ன செய்தேன். கீரைக்கார அம்மாவிடம் ரகசியமாக வேப்பிலை வாங்கிக் கைப்பையில் மறைத்து எடுத்துவந்தேன். வாசலில் கட்டவில்லை. படுக்கை விரிப்புக்கு அடியில் பரப்பினேன். வாட்ச்மேன் கேட்டதற்குச் சாதாரணக் காய்ச்சல்தான் என்றேன். பள்ளிக்கும் அதையே எழுதினேன். அந்த வாரம்தான், சாருலதா அறைக்குள் சொறிந்துகொண்டு அழ, நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு கட்டுரையைத் திருத்தினேன். நோய் கண்டவர்களில் நூற்றுக்கு அறுபது பேர்தான் தெரிவிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறோம் என்று அதில் ஒரு வரி. மீதி நாற்பது பேர் யார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. எங்கோ இருக்கிற, படிக்காத, விவரமில்லாத யாரோ. என் வீட்டு விரிப்புக்கு அடியிலேயே வேப்பிலை இருந்தது. செல்வியோடு வந்துபோகும் அவள் மகனுக்கு இரண்டு வாரம் கழித்துப் போட்டது. நான் அவளுக்கு லீவு கொடுத்தேன், பழம் வாங்கிக் கொடுத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. சங்கத்துக்கே நான் இவ்வளவு பயந்தேன் என்றால், அளத்துக்கு வராதே என்று சொன்ன கங்காணிக்கு அந்தப் பெண்கள் எவ்வளவு பயந்திருப்பார்கள். நாற்பத்தொன்றாம் வீட்டுக்காரி அந்தக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையும் உள்ளறையையும் மாறி மாறிப் பார்த்திருப்பாள். என் சிவப்புப் புள்ளியை நினைத்திருப்பாள். இனி சந்தேகம் இல்லை. நோய் இறங்கவில்லை, வேப்பிலைதான் இறங்கியிருக்கிறது.

"அம்மா, கூப்பிடுதாங்க" என்றார் டவாலிக்காரர். எழுந்து உள்ளே போனேன், நீள மேசையைச் சுற்றி எட்டு முகம், எல்லார் முன்னாலும் என் தாளின் நகல் இருந்தது. இளவயது ஆட்சியர், வேகமாகப் பேசுகிறவர். "வாங்க டாக்டர். நல்ல செய்தின்னு பூபதி சார் சொன்னாரு. முடிஞ்சுதா?" என்றார். முடியல சார் என்றேன். என் குரல் யாருடையதோ மாதிரிக் கேட்டது. வேப்பிலை உள்ளே போய்விட்டதைச் சொன்னேன், வரைபடத்தைச் சொன்னேன், நாற்பத்தொன்றையும் பன்னிரண்டையும் சொன்னேன், இந்தத் தாள் தப்பு, செய்தவள் நான் என்றும் சொன்னேன். பூபதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருக்கலாம். ஆட்சியர் தாளைத் திருப்பிப் போட்டார். "அப்ப இப்ப எத்தன கொழந்தைக்கு இருக்கு?" தெரியாது சார், வீடு வீடாகப் போய்த்தான் பார்க்கவேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றேன். "டாக்டர், மேக்க தாலுகாவுல டெங்கு முப்பத்தி ஆறு கேஸ். பேரு, வயசு, பிளேட்லெட் கவுண்ட் எல்லாம் கையில இருக்கு. அவங்களும் கொழந்தைங்கதான். நீங்க ஒரு நம்பர் குடுக்காம, இருக்கலாம்னு மட்டும் சொன்னா, நான் எத வச்சு முகாம நிறுத்தி வைப்பேன்?" நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன், இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த முப்பத்தாறு பேரையும் நினைத்தேன், பொய்யில்லை, நினைத்தேன். என் தலைக்குள் சமன்பாடு இல்லை, பெட்டி இல்லை, எல்லை இல்லை. இருட்டறையும் ஏறி இறங்குகிற வயிறும்தான் இருந்தன. நூற்று நாற்பது சார் என்றேன். "நூத்தி நாப்பது. இன்னைக்கு தேதிக்கு?" ஆமாம் என்றேன். இரண்டு பக்கமும் எவ்வளவு கூடக் குறைய என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எழுதினார். ஒன்று, நான்கு, பூஜ்யம். பூபதி என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, இப்படியொரு எண் என்னிடம் இருந்திருந்தால் அது தாளில் இருந்திருக்கும் என்று. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "சரியாத்தான் இருக்கும் சார்" என்றார். ஒரு டாக்டரும் ஆறு கட்டிலும் மட்டும் மேற்கே போகட்டும், மீதி முகாம் இன்னும் பதினைந்து நாள் காலனியிலேயே இருக்கட்டும், புள்ளி போட்ட வரைபடத்தை இன்றே அழிக்கவேண்டும் என்று உத்தரவாயிற்று. ஏழு நிமிஷத்தில் முடிந்தது.

வெளியே வந்து படி இறங்கினேன். என் தொழிலில் செய்யக்கூடாதது ஒன்றே ஒன்றுதான், அதைச் செய்துவிட்டேன். இல்லாத எண்ணைச் சொன்னேன். வீடு வீடாகப் பார்த்துவிட்டு முப்பதுதான் என்று வந்தால், மேற்கே கட்டில் இல்லாமல் ஒரு குழந்தை போனால், அது என் தலையில்தான் விடியும். ஜோசியக்காரி என்ற பெயரெல்லாம் அப்புறம் எவ்வளவு சின்னதாகிவிடும். முகப்பில் ஜெபக்கனி நின்றுகொண்டிருந்தாள், வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டு, காலனி பஸ்ஸுக்காக. தடுப்பூசிப் பெட்டியைத் தரையில் வைத்திருந்தாள். நான் ஏன் அவளிடம் போனேன் என்று தெரியாது, யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. "முகாம் இருக்கும்மா, எடுக்கலை" என்றேன். "ஆண்டவரே" என்று நெஞ்சில் கை வைத்தாள். "உள்ள என்ன மேடம் சொன்னிய?" எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டார்கள், நூற்று நாற்பது என்று சொல்லிவிட்டேன் என்றேன். அப்படி ஒரு கணக்கே கிடையாதும்மா, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன் என்று சொல்லத்தான் அடுத்து வாயெடுத்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. கண்ணை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள், உதடு மட்டும் அசைந்தது. முதல் தெரு, இரண்டாம் தெரு, மூன்று, நான்கு. பதினொன்றாம் தெருவுக்கு வந்ததும் இன்னொரு தடவை ஐந்தாம் தெருவுக்குத் திரும்பிப்போய் எதையோ சேர்த்துக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ரொம்பக் கம்மியாச் சொல்லிட்டியளே மேடம்" என்றாள்.